ஜோத்பூர் சாஃபா: துணியாக வாங்குங்கள், ரெடிமேட் வேண்டாம்

ஜோத்பூர்க் கல்யாணத்தில் நான் சாஃபா, அதாவது ராஜஸ்தான் தலைப்பாகை, கட்டிக்கொண்ட போட்டோவைப் பார்த்ததிலிருந்து, அதை வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, ஆன்லைனில் வருகிற ரெடிமேட் போதுமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. ஜோத்பூரில் வாங்கிய 9 மீட்டர் காட்டன் லஹரியா (சாய்ந்த கோடுகள் விழச் சாயமேற்றியது) சாஃபாவுக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். அதைக் கல்யாண வீட்டில் என் தலையில் கட்டிவிட்ட பெரியவருக்குப் பத்துக்குப் பத்து. ஆன்லைனில் தருவித்த, உள்ளே ஸ்பாஞ்சு வைத்த ரெடிமேட் சாஃபாவுக்கு இரண்டு. அந்த இரண்டும் சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்ததற்குத்தான்.

முதலில் கடை. ஜோத்பூர் மணிக்கூண்டைச் சுற்றி சர்தார் மார்க்கெட், அதை ஒட்டிய சந்துகளில் மசாலாக் கடை, வளையல் கடை, அப்புறம் சாஃபா துணி மட்டுமே விற்கிற கடைகள். கூட வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வரும்போது தோழிகள் எல்லோரும் சாஃபா கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆண்கள் மட்டும் கட்டியதெல்லாம் பழைய கதை, இப்போது அங்கே கல்யாணங்களில் பெண்களும் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். வாடகைக்கும் கிடைக்கிறது, ஆனால் யார் யாரோ வியர்த்த துணியைத் தலையில் சுற்ற எனக்கு மனசு வரவில்லை.

தரையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்த கடை, செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறி உட்கார வேண்டும். கடைக்காரர் என்ன கலர் என்று கேட்கவே இல்லை. "என்ன விசேஷம் பஹன்ஜி?" என்பதுதான் முதல் கேள்வி. அங்கே நிறம் அப்படித்தான் முடிவாகிறது. மழைக்கால சாவன் மாதத்துக்கு லஹரியா, ஹோலி சமயத்தில் வெள்ளையும் சிவப்புமாக பாகுனியா, சாவு வீட்டுக்கு வெள்ளை, கல்யாணத்துக்கு ஐந்து நிறம் கலந்த பஞ்சரங்கி அல்லது காவி. ஆளைப் பொறுத்தும் மாறும். ஆடு மாடு மேய்க்கிற ரபாரிகள் சிவப்பு, பிஷ்னோய் மக்கள் வெள்ளை. கல்யாணம் என்றாலும் எனக்கு லஹரியாதான் வேண்டும் என்றேன், சரி, வெளியூர்க்காரி என்று விட்டுவிட்டார்.

லஹரியா வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, இதற்காகவே அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். சுருட்டி வைத்திருந்த ஒரு துணியை எடுத்தார், பார்த்தால் துணி மாதிரியே இல்லை, தடித்த கயிறு, மேலே நெடுக இடைவெளி விட்டு நூல் இறுக்கிச் சுற்றியிருக்கிறது. மெல்லிய மல்மல் துணியை ஒரு மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்டி, அங்கங்கே நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. இன்னொரு நிறம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் கட்டி மறுபடி முக்குவார்கள். கடைக்காரர் நூல் முனையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார், நூல் சரசரவென்று தானாகவே கழன்று வர, கயிறாக இருந்தது விரிந்து மஞ்சளும் சிவப்புமாகச் சாய்ந்த கோடுகள் துணி முழுக்க ஓடின. அந்தத் துணியை அப்போதே வாங்கிவிட்டேன், பேரம் பேசி ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. கையால் கட்டிச் சாயமேற்றியது என்பதற்கு அத்தாட்சியாகப் பாதி நூலை அவிழ்க்காமலேயே கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே பாதி விலைக்கு அச்சடித்த லஹரியாவும் இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம்: துணியைத் திருப்பிப் பாருங்கள், அச்சு என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும், கோட்டின் ஓரம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். நிஜமானதில் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், ஓரம் லேசாகக் கசிந்திருக்கும். இதே துணியை அவிழ்த்து எதிர்ச்சாய்வில் இன்னொரு முறை சுருட்டிக் கட்டி முக்கினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கட்டம் விழும், அதற்கு மோத்தடா என்று பெயர், விலையும் அதற்கேற்ற மாதிரி.

பாலியஸ்டர், ஜார்ஜெட் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பளபளவென்று இருக்கும், தலையில் நிற்காது, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் வழுக்கும். காட்டனில் ஒரு சொரசொரப்பு இருக்கிறது, அதுதான் ஊசி, பின் எதுவும் இல்லாமல் 9 மீட்டரையும் பிடித்து வைக்கிறது.

கட்டிவிடுகிற சேவைக்கு வருகிறேன். கல்யாண வீடுகளில் சாஃபா கட்டுவதற்கென்றே ஆட்களைத் தலைக்கு இவ்வளவு என்று பேசி வரவழைக்கிறார்கள். எங்களுக்கு வந்தவர் வயதானவர், பின்னால் ஒரு பையன் துணிகளை நீளவாக்கில் மடித்து மடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். என் முறை வந்தது. பிடரியில் போட்டிருந்த கொண்டையைப் பார்த்துவிட்டு, "இதை மேலே ஏற்றுங்க தீதி" என்றார். உச்சியில் கொண்டை இருந்தால் துணிக்கு ஒரு பிடிமானமாம். துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார், அதுதான் கடைசியில் முதுகில் தொங்குகிற வால். அப்புறம் நெற்றிக்கு மேலே ஒரு சாய்வு, அடுத்த சுற்று எதிர்ச்சாய்வு, ஒவ்வொரு முறை காதுக்கு மேலே வரும்போதும் துணியை அரை முறுக்கு முறுக்குகிறார், அந்த முறுக்கில்தான் லஹரியாவின் கோடுகள் சுற்றுக்குச் சுற்று அடுக்கடுக்காக வந்து உட்காருகின்றன. நான் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினேன், தாடையைப் பிடித்து நேராக்கிவிட்டார். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா, தெரியவில்லை, முனையைச் செருகிவிட்டு அடுத்த தலைக்குப் போய்விட்டார். ராத்திரி முழுக்க ஆடினோம், அசையவில்லை. நெற்றி வலிக்கவும் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மாப்பிள்ளையின் நண்பர்கள் சிலர் மண்டபத்திலிருந்த இன்னொரு ஆளிடம் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு முன்பே தலைவலி என்று கழற்றிவிட்டார்கள்.

உச்சிக் கொண்டை விஷயம் என் மண்டையிலேயே நின்றுவிட்டது. கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் பார்ஹுத் ஸ்தூபியின் சிற்பங்கள் இருக்கின்றன, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதில் ஆண்களின் தலையில் துணி குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முன்பக்கம் ஒரு பெரிய உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பது நீண்ட முடி, முடியையும் துணியையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் எழும்பூர் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பாருங்கள், அங்கேயும் கனத்த தலைப்பாகைகள் உண்டு. சீக்கியர்களும் முடியை உச்சியில் கொண்டையாக முடிந்துதான் மேலே தலைப்பாகையைச் சுற்றுகிறார்கள். முடி வெட்டாத காலத்தில் தலைப்பாகை அலங்காரமாக மட்டும் இருந்திருக்காது, முடியை அடக்கி வைக்கிற வேலையும் அதற்கு இருந்திருக்கிறது.

மறுநாள் மெஹ்ரான்கர் கோட்டைக்குப் போனோம். 1459இல் ராவ் ஜோதா ஆரம்பித்த கோட்டை, உள்ளே மியூசியத்தில் தலைப்பாகைகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. சாஃபா அகலமாகவும் நீளம் குறைவாகவும் இருக்கும், பகடி என்கிற பழைய தலைப்பாகை அதற்கு நேர்மாறு: அகலம் ஏறக்குறைய 8 அங்குலம், நீளம் 80 அடிக்கு மேல். எந்த ஊர், என்ன தொழில், என்ன சாதி என்பதெல்லாம் ஒருவர் தலையைப் பார்த்தே தெரிந்துவிடும் என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமையில் முழுச் சம்மதம் இல்லை, சாதி தலையில் தெரிய வேண்டும் என்ற ஏற்பாட்டில் யாருக்குச் சௌகரியம் என்பது நமக்குத் தெரியாததா? நம் ஊரிலேயே பெரிய மனிதர் எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டியிருந்தவர்கள் உண்டு. ஆனால் மேய்ப்பர்களின் தலைப்பாகையைப் பற்றிச் சொன்னது பிடித்திருந்தது. பாலைவனத்தில் அதுதான் தலையணை, அதுதான் கிணற்றில் செம்பை இறக்குகிற கயிறு, தண்ணீரை வடிகட்டுவதும் அதில்தான், அடிபட்டால் கட்டுப்போடவும் அதுவேதான். இதெல்லாம் தைக்காத நீளத் துணியாக இருப்பதால்தான் முடிகிறது.

இப்போது ரெடிமேட். தம்பி கல்யாணத்தில் சங்கீத் என்று ஒன்றை நுழைத்தார்கள் (நாங்கள் கோபிசெட்டிபாளையம், எங்கள் வீட்டில் சங்கீத் என்றால் பாட்டுக் கச்சேரியா என்று அத்தை கேட்டார்), அதற்கு ஆண்களுக்கெல்லாம் சாஃபா வேண்டும் என்று ஆன்லைனில் ஒரு டஜன் தருவித்தார்கள். பிரித்ததும் பசை நாற்றம். உள்ளே அரை அங்குல ஸ்பாஞ்சில் செய்த ஒரு குல்லா, அதன் மேல் பளபளப்புத் துணியை மடிப்பு மடிப்பாக ஒட்டியிருக்கிறார்கள், பின்னால் வெல்க்ரோ, முன்னால் பிளாஸ்டிக் கல் வைத்த கல்கி என்கிற தலைப்பாகை நகை. எல்லோருக்கும் ஒரே அளவு என்று போட்டிருந்தது, அதாவது யாருக்கும் சேராது. சித்தப்பாவுக்குக் காது வரை இறங்கியது, தம்பிக்கு உச்சியில் நின்றது. மே மாதம், ஸ்பாஞ்சு வியர்வையைக் குடித்துக் கனக்க ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் முதலிலேயே தொடவில்லை. "உருமால் கட்டுன தலைடா இது, இதப் போயி மாட்டச் சொல்றீங்க" என்றார். எங்கள் கொங்குப் பக்கக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உருமால் கட்டு என்று ஒரு சீரே இருக்கிறது, ஆனால் அது காலையில், வெறும் துணியில், இரண்டு சுற்றில் முடிந்துவிடும், போட்டோகிராபர் அந்த நேரத்தில் டிபன் சாப்பிடப் போயிருப்பார்.

ரெடிமேட் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. மைசூர் பேட்டா தைத்து வைத்ததுதான், பட்டும் ஜரிகையுமாக, விஸ்வேஸ்வரய்யா போட்டோவில் பார்க்கிறோமே அது, இன்றைக்கும் கர்நாடகத்தில் மேடைதோறும் சால்வையோடு சேர்த்து அணிவிக்கிறார்கள். புனேரி பகடியும் அப்படித்தான், தினமும் கட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லாமல் ஒரேயடியாகக் கட்டித் தைத்து வைத்துக்கொண்டது, அதற்கு 2009இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துருக்கியில் உஸ்மானிய காலத்தில் பஞ்சு வைத்துத் தைத்த உயரமான குல்லாவின் மேல்தான் துணியைச் சுற்றினார்கள், பதவிக்கு ஒரு சுற்று, படிப்புக்கு ஒரு சுற்று. இஸ்தான்புல்லின் பழைய கல்லறைகளில் நடுகல்லின் உச்சியிலேயே தலைப்பாகையைச் செதுக்கியிருக்கிறார்கள், கீழே இருப்பவர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்பது அதிலேயே தெரியும். 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதிகாரிகள் எல்லோரும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஃபெஸ் குல்லாவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவு போட்டார், மதகுருமார்களுக்கு மட்டும் விலக்கு. எல்லாத் தலையும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. நூறு வருஷம் முடிவதற்குள், 1925இல், அந்த ஃபெஸ்ஸையும் தூக்கிவிட்டு மேல்நாட்டுத் தொப்பி போடச் சொல்லிச் சட்டம் வந்துவிட்டது.

ஆக, தைத்த தலைப்பாகையிலும் கைவேலை இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. நான் திட்டுவது ஸ்பாஞ்சு குல்லாவை மட்டும்தான். ஆபீஸில் ஒரு சர்தார் இருக்கிறார், அந்த ரெடிமேடைக் காட்டினேன், கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல தொப்பி" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் தலைப்பாகையைத் தினமும் காலையில் புதிதாகக் கட்டுகிறார், 6 மீட்டர் ‘வாயில்’ என்கிற மெல்லிய துணி, மனைவி ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள இவர் மறுமுனையிலிருந்து இழுத்து நீளமாக மடிப்பார், வீட்டில் ஆள் இல்லாத அன்றைக்குக் கதவுக் கைப்பிடிதான் மனைவி. ராத்திரி தொப்பியைத் தூக்குவதுபோல் தூக்க மாட்டார்கள், சுற்றுச் சுற்றாக அவிழ்ப்பார்கள். இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியதைக் கழற்று என்று சொன்னால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனில் 1967இல் தலைப்பாகையோடு வேலைக்கு வந்த ஒரு சீக்கிய பஸ் டிரைவரைத் திருப்பி அனுப்பினார்கள், இரண்டு வருஷம் ஊர்வலமும் போராட்டமுமாகப் போய் 1969இல் நகராட்சி இறங்கி வந்தது. 1976இல் பைக் ஓட்டும் சீக்கியர்களுக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்குக் கொடுத்து அங்கே சட்டமே வந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவிலும் அந்த விலக்கு உண்டு.

இனி என் சாஃபாவுக்கு ஏன் இரண்டு மார்க் குறைத்தேன் என்பது. சாயம். கல்யாணத்தன்று ஆட்டம் முடிந்து முகம் கழுவும்போது பார்த்தால் நெற்றியில் ஒரு சிவப்புப் பட்டை, குர்தாவின் காலரில் இன்னொரு பட்டை. கடைக்காரர் சாயம் போகாது என்றுதான் சொன்னார், எல்லாக் கடைக்காரரும் அதைத்தான் சொல்வார்கள். நெற்றி மறுநாளே சரியாகிவிட்டது, குர்தா ஆகவில்லை.

சஹாராவில் இதற்கு அப்படியே தலைகீழ். துவாரெக் மக்களில் ஆண்கள்தான் தலையையும் முகத்தையும் சுற்றி மூடுவார்கள், பெண்கள் முகம் மூடுவதில்லை. அந்தத் துணிக்குத் தகெல்முஸ்த் என்று பெயர், பையன் ஆளாகும் வயதில்தான் கட்ட ஆரம்பிப்பான், அதன்பிறகு வெளியாட்கள் முன்னால் வாயைக்கூடக் காட்டுவதில்லை. உசத்தியான தகெல்முஸ்த் அவுரி நீலம், அதை நைஜீரியாவின் கானோ பக்கம் தயாரிக்கிறார்கள். நீலத்தைத் துணியில் அடித்து அடித்தே ஏற்றுவார்கள், உலோகம் மாதிரி ஒரு மினுமினுப்பு வரும் வரை. கட்டினால் சாயம் முகத்திலும் கழுத்திலும் இறங்கி ஒட்டும், ஒட்டட்டும் என்றே கட்டுவார்கள், நல்ல துணி கட்டுகிற வசதி இருக்கிறது என்று அர்த்தம். வெளியாட்கள் அவர்களை நீல மனிதர்கள் என்றே கூப்பிட்டார்கள். என் சிவப்பு நெற்றிக்கு அப்படி ஒரு மரியாதை கிடைக்கவில்லை, வரவேற்பில் எதிரே வந்த ஒரு மாமி அலர்ஜியா என்று கேட்டார்.

பெண்கள் தலைப்பாகை கட்டுவது ஏதோ புது ஃபேஷன் என்று சொல்கிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம். நைஜீரியாவில் யோருபாப் பெண்களின் கேலே, விறைப்பான துணியை மடிப்பு மடிப்பாக விசிறிபோல் தலைக்கு மேல் விரித்துக் கட்டுவது, லாகோஸ் கல்யாணங்களில் அதைக் கட்டிவிடுவதற்கென்றே கலைஞர்கள் உண்டு. அங்கேயும் இப்போது ஆட்டோ கேலே என்று தைத்து வைத்த ரெடிமேட் வந்துவிட்டது, எனவே ஸ்பாஞ்சு குல்லா மீதான என் கோபம் எனக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயினின் கையில் இருந்தபோது, 1786இல், கவர்னர் எஸ்தேபான் மிரோ ஓர் உத்தரவு போட்டார்: ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலையில் நகையோ இறகோ வைக்கக் கூடாது, முடியைத் துணியால் கட்டி மூட வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்கள் வெள்ளைக்காரிகளைவிட அழகாக அலங்காரம் செய்துகொண்டு போவது பொறுக்கவில்லை. அந்தப் பெண்கள் உத்தரவுப்படியே துணி கட்டினார்கள், ஆனால் கிடைத்ததிலேயே பளிச்சென்ற துணியை எடுத்து, உயரமாக, விதவிதமாக. கடைசியில் அந்தக் கட்டே தனி அழகாகிவிட்டது.

அந்தக் காலத்தில் தலையில் கட்டப் பேர்போன துணி எங்கிருந்து போனது என்று நினைக்கிறீர்கள்? நம் கரையிலிருந்துதான். பழவேற்காடு, சைதாப்பேட்டை, சீராலா பக்கத்துத் தறிகளில் ஒரு கஜச் சதுரக் கட்டங்களாக நெய்த பருத்தித் துணி, மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் கப்பல் ஏறியது. மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று. அட்லாண்டிக்கைத் தாண்டி அடிமைகளாக இறக்கப்பட்டவர்களின் மகள்களும் பேத்திகளும் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் செயின்ட் லூசியாவிலும் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டினார்கள், இன்றைக்கும் அங்கே விழாக்களுக்கு அதுதான் உடை, அங்கே அதன் பெயரே மத்ராஸ். மேலே எத்தனை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் செய்தி வேறு: ஒரு முனை என்றால் மனசு காலியாக இருக்கிறது, இரண்டு என்றால் வேறு ஆள் இருக்கிறான், மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது, நான்கு என்றால் முயற்சி செய்து பார் என்று சொல்வார்கள். 1850களில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் போய் இறங்கியபோது, அவர்கள் ஊர்த் துணி அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் இதே கட்டத்துணிக்கு இஞ்சிரி என்று பெயர் வைத்து, சில இழைகளை மட்டும் வெட்டி உருவிப் புது டிசைனே உண்டாக்குகிறார்கள். இங்கே நமக்குத் தலைப்பாகட்டு என்றால் பிரியாணி ஞாபகம் மட்டும்தான் வருகிறது.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. இதற்காக ஜோத்பூர் வரை போக வேண்டாம், சென்னையில் சவுகார்பேட்டைப் பக்கம் கல்யாணச் சாமான் கடைகளில் விசாரித்தால் காட்டன் சாஃபா துணி கிடைக்கிறது, கட்டிவிடுகிற ஆளையும் அவர்களே சொல்வார்கள், முகூர்த்த நாள் என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 9 மீட்டர் கேளுங்கள், சிலர் 7 மீட்டரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அளந்து வாங்குங்கள். வாங்கியதும் கட்டாதீர்கள். கல்லுப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள், சாயம் விடுவது முழுக்க நிற்காது, ஆனால் அதிகப்படிச் சாயம் கழன்றுவிடும். சோப்பு வேண்டாம். நிழலில் காயவையுங்கள், காய்வதற்கு முன் நீர்த்த கஞ்சி லேசாகப் போட்டால் மடிப்பு நிற்கும், கெட்டியாகப் போட்டால் நெற்றியை அறுக்கும். வெளிர் நிறச் சட்டை போடுகிறவர்கள் உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை நெற்றியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அதன்மேல் சுற்றச் சொல்லுங்கள். ரெடிமேட் வாங்கியே தீர வேண்டும் என்கிறவர்கள் தலையின் சுற்றளவு கேட்டுத் தைக்கிற கடையில் வாங்குங்கள். எங்கள் வீட்டு ஒரு டஜனில் நாலைந்து பரணில் கிடக்கிறது, வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம்.